டயரின் உடல்

திருவொற்றியூரில் 1946ஆம் வருஷம் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்ற இளைஞர் ஒரு சிறிய கொட்டகையில் குழந்தைகள் ஊதி விளையாடும் பலூன்களைச் செய்து விற்கத் தொடங்கினார் என்பதும், அந்தக் கொட்டகையே பிற்காலத்தில் எம்.ஆர்.எஃப். என்ற பெரும் ஸ்தாபனமாக வளர்ந்தது என்பதும் வட சென்னைவாசிகளுக்குப் பழகிய சரித்திரம். 1961இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு அதே ஊரில் டயர் உற்பத்தி ஆரம்பமாயிற்று என்பதையும் பலர் அறிவர். ஆனால் பலூனுக்கும் டயருக்கும் இடையே, 1952இல், அவர்கள் மேற்கொண்ட ஒரு காரியத்தைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. டயரின் பலம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு விடை அந்தக் காரியத்திலேதான் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அவர்கள் அப்போது செய்ய முற்பட்டது ‘ட்ரெட் ரப்பர்’. அதாவது, தரையில் உராய்ந்து தேய்ந்துபோன லாரி டயர்களின்மேல் புதிதாக ஒட்டி, சூடேற்றி இறுக்கும் மேல்தோல் ரப்பர்.

மேல்தோல் முழுவதும் தேய்ந்து, அதில் புடைத்து நிற்கும் ‘பட்டன்’கள் அழிந்து, ‘மொட்டை’ என்று ஒதுக்கப்பட்ட ஒரு லாரி டயருக்குப் புதிய தோல் போர்த்தி மறுபடியும் பல்லாயிரம் மைல் ஓட்ட முடிகிறதென்றால், தேய்ந்தது டயர் அல்ல, டயரின் ஓர் உறுப்பு மட்டுமே என்றல்லவா அர்த்தமாகிறது? உள்ளே நூலும் கம்பியும் ரப்பரும் பின்னிய ஓர் உடல் இருக்கிறது. அந்த உடல் சிதையாமல் இருக்கும்வரையில் டயர் உயிரோடு இருக்கிறது. அது சிதைந்துவிட்டால் பட்டன்கள் புதிதாகப் பளபளத்தாலும் டயர் குப்பைக்குத்தான் போகும். நான்கு சக்கரங்களையும் இஞ்சின் சுழற்றுகிற ஜீப் வகை வண்டிகளை இன்று வாங்குகிறவர்கள் கடைக்குப் போய், விரலை விட்டுப் பட்டன்களின் ஆழத்தைப் பார்த்து, ‘இதுதான் முரட்டு டயர்’ என்று நிர்ணயித்து விடுகிறார்கள். கரடுமுரடான பூமியில் நெடுநாள் உழைக்கும் டயரைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறவர் முதலில் ஆராய வேண்டியது உடலை, பிறகு உடலுக்குள் அடைக்கும் காற்றை. பட்டன் மூன்றாவதாகத்தான் வர வேண்டும்.

இந்த விஷயத்தை விளக்க வட சென்னையைவிடப் பொருத்தமான இடம் வேறொன்றை நான் அறியேன். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் செல்லும் கடற்கரைச் சாலையில், துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றிலிருந்து உதிர்ந்த நட்டுகளும், மூட்டைகளை இறுக்கிய இரும்புப் பட்டைத் துண்டுகளும், உடைந்த கான்கிரீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முறுக்குக் கம்பிகளும் சாலையோரத்தில் கிடக்கின்றன. கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள் ஒருபுறம்; கொசஸ்தலையாறு கடலைச் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி உப்புச்சேறு ஒருபுறம்; 1994இல் இயங்கத் தொடங்கிய வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல், தண்ணீரோடு கலந்து கசிந்து உறைந்த சாம்பல் நிலம் இன்னொருபுறம். உலர்ந்தால் மாவு போலப் பறப்பதும் நனைந்தால் சக்கரத்தை விழுங்குவதுமான அந்த நிலத்தில், மின்வாரியத்துக்கும் துறைமுகத்துக்கும் ஒப்பந்த வேலை செய்கிற பொறியாளர்களின் ஜீப்புகள் நாள்தோறும் போய் வருகின்றன. சித்திரை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை, கூரிய கல், இரும்பு, உப்பு, சேறு, மணல், எண்ணெய் ஆகிய இத்தனை சத்துருக்களையும் ஒரு டயர் பதினைந்து மைலுக்குள் சந்தித்து விடுகிற இடம் இது. இந்தியத் தரைப்படைக்காக ஸ்டாலியன் என்ற நான்கு சக்கர இயக்கமுள்ள லாரியை உருவாக்கிய அசோக் லேலண்டின் பழைய தொழிற்சாலையும் எண்ணூரில்தான் இருக்கிறது என்பது இந்தப் பூமிக்கு மேலும் ஒரு பொருத்தம்.

முதலிடம் உடலுக்கே என்றாலும், அதன் அருமை விளங்கக் காற்றிலிருந்து தொடங்குகிறேன். வண்டியின் பாரத்தைத் தாங்குவது ரப்பர் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பகுதியையும் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்றுதான், டயர் அந்தக் காற்றைச் சிந்தாமல் வைத்திருக்கும் பை. கணக்கு மிக எளிது. 1,800 கிலோ எடையுள்ள ஜீப்பில் ஒரு சக்கரத்தின் பங்கு 450 கிலோ. சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.46 கிலோ, ஆகவே அந்தப் பாரத்தைச் சுமக்க டயர் சுமார் 183 சதுர சென்டிமீட்டர் பரப்பில், அதாவது நம்முடைய உள்ளங்கையை விரல்களோடு விரித்து வைத்த அளவுக்குச் சற்றுக் கூடுதலான இடத்தில், தரையைத் தொட்டால் போதும். காற்றை 18 பவுண்டாகக் குறைத்தால் அதே பாரத்துக்கு 355 சதுர சென்டிமீட்டர் தேவைப்படுகிறது. டயர் தானாகவே தட்டையாகி, தொடும் இடம் நீண்டு, அந்தப் பரப்பைத் தேடிக்கொள்கிறது. பக்கச்சுவரின் விறைப்பினால் இந்தக் கணக்கு சற்று முன்பின் ஆகுமேயன்றித் தத்துவம் மாறாது. மணலும் நனைந்த சாம்பலும் சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவு பாரம் என்ற எல்லைக்குள் தாங்கும். எல்லையைத் தாண்டினால் இடம்விட்டு ஒதுங்கும். ஆகவே புதையும் நிலத்தில் ஒரு வண்டியைக் கரையேற்றுவது பெரும்பாலும் பட்டனின் ஆழம் அல்ல, காற்றின் அளவுதான்.

இந்த உண்மையை உலகத்துக்கு அனுபவபூர்வமாகக் காட்டியவர்களில் முக்கியமானவர் ரால்ஃப் பாக்னோல்டு என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர். 1920களின் பிற்பகுதியில் எகிப்தில் உத்தியோகம் பார்த்த அவர், விடுமுறைகளில் சாதாரண ஃபோர்டு கார்களை ஓட்டிக்கொண்டு லிபியப் பாலைவனத்தின் மணல் மலைகளுக்குள் புகுந்தார். அவற்றில் இஞ்சின் சக்தி இரண்டு சக்கரங்களுக்குத்தான் போயிற்று. டயரின் காற்றைக் குறைத்தும், புதைந்த சக்கரத்தின் கீழே எஃகுத் தகடுகளை இட்டும், பிறர் ஒட்டகத்தை நம்பிய இடங்களை அவர் காரில் கடந்தார். அந்த அனுபவத்திலிருந்தே மணல் காற்றில் நகரும் விதத்தைப் பற்றி 1941இல் அவர் எழுதிய நூல் பிறந்தது. இன்றும் அத்துறையில் அது மூலநூலாகக் கருதப்படுகிறது. நான்கு சக்கர இயக்கமும் ஆழப் பட்டனும் இருந்தும் எண்ணூர் நெட்டுக்குப்பத்து மணலில் புதைந்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்தி அழுத்தி மேலும் புதைகிறவர்கள், வால்வு ஊசியைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்திருந்தால் தாமாகவே வெளிவந்திருக்கலாம். இதைச் சொல்லும்போதே வேறொன்றையும் சொல்ல வேண்டும். வேலையின் நிமித்தம் மணலில் இறங்குகிறவர்களுக்காகவே இந்த யோசனை. உல்லாசத்துக்காகக் கடற்கரையில் வண்டி ஓட்டுவதை நான் அங்கீகரிக்க மாட்டேன். தை, மாசி மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் கரை அது; மீனவர்கள் வலை உலர்த்தும் முற்றமும் அதுவே.

குறைந்த காற்றுக்கு ஒரு விலை உண்டு. தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடியும் காற்றை நிரப்பாவிட்டால் அந்த விலையை உஷ்ணமாகச் செலுத்த வேண்டிவரும். ஒவ்வொரு சுற்றிலும் டயர் தரையைத் தொடும் இடத்தில் மடிந்து, விட்டதும் நிமிர்கிறது. மடிக்கச் செலவிட்ட சக்தி முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியைத் தனக்குள்ளேயே வெப்பமாக வைத்துக்கொள்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ஜீப் டயர் நிமிஷத்துக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் இவ்வாறு மடிந்து நிமிர்கிறது. காற்று குறைந்தால் மடிப்பு அதிகம், மடிப்பு அதிகமானால் உஷ்ணம் அதிகம். இதிலே இன்னொரு சங்கடமும் சேர்கிறது: ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாத பதார்த்தம். மேல்தோல் எவ்வளவு தடிமனாக இருக்கிறதோ அவ்வளவுக்கு உள்ளே பிறந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தங்குகிறது. ஆழமான பட்டன் கொண்ட சேற்று டயர், நெடுஞ்சாலையில் வேகமாகவும் நெடுநேரமும் ஓடும்போது, மெல்லிய தோலுள்ள சாதாரண டயரைவிட அதிகமாகச் சூடேறுவதற்கு இதுதான் காரணம். தடித்தது உறுதியானது என்று கண் சொல்கிறது. கும்மிடிப்பூண்டிச் சாலையில் சித்திரை மாதத்து நண்பகலில் அந்தத் தடிமனே அதற்குச் சத்துருவாகிறது.

இனி அந்த ரப்பரையே பார்ப்போம். மரத்திலிருந்து வடியும் பாலை உறையவைத்து எடுத்த ரப்பரின் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகள். வேகவைத்த சேமியாவைப் போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், ஆனால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதில்லை. அதனால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் இந்தக் குணம் மறைகிறது என்று கண்டார்; சங்கிலிகளுக்கிடையே கந்தகம் சிறு பாலங்களாக நின்று, இழுத்தால் நீளவும் விட்டால் பழைய நிலைக்குத் திரும்பவும் செய்கிறது. இயற்கை ரப்பருக்கு இதற்கு மேலும் ஒரு விசேஷம் உண்டு. முரட்டுப் பூமிக்கு டயர் தேடுகிறவர் அவசியம் அறிய வேண்டிய விசேஷம் அது. பலமாக இழுக்கப்படும்போது அதன் சங்கிலிகள் ஒழுங்காக வரிசைப்பட்டுப் படிகங்களாகின்றன. கூரிய கல் ஒன்று டயரைக் கீறியதாக வைத்துக்கொள்வோம். கீறலின் முனையில்தான் இழுவிசை மிக அதிகம். அங்கேதான் படிகங்களும் உண்டாகின்றன. கிழிசல் முன்னேற வேண்டிய இடமே இறுகி எதிர்த்து நிற்கிறது. பெட்ரோலியத்திலிருந்து செய்யும் ஸ்டைரீன்-பியூட்டடையீன் ரப்பர் ஈரச்சாலையில் பிடிப்பையும் தேய்மானத்தில் சிக்கனத்தையும் தரும், ஆனால் இந்த வித்தையை அது அறியாது. அதனாலேயே லாரி டயர்களிலும், சுரங்கத்திலும் காட்டிலும் ஓடும் டயர்களிலும் கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் பால் வடித்து எடுத்த இயற்கை ரப்பர் இன்றும் பெரும்பங்கு வகிக்கிறது.

கறுப்பு நிறத்துக்கும் காரணம் உண்டு. ஆதியில் டயர்கள் வெளிறிய நிறமாகவே இருந்தன. எண்ணெயைப் போதிய காற்றின்றி எரித்து எடுக்கும் மிக நுண்ணிய கரிப்பொடியைச் சேர்த்தால் தேய்மானத்தையும் கிழிசலையும் தாங்கும் சக்தி பல மடங்கு பெருகுகிறது என்று இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கண்டறிந்த பிறகுதான் உலகத்து டயர்களெல்லாம் கறுத்தன. இந்தக் கரித்துகள்களின் அளவு ஒரு மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு துகளின் மேற்பரப்பையும் ரப்பர்ச் சங்கிலிகள் பற்றிக்கொள்கின்றன. இத்தகைய கரிப்பொடியை உற்பத்தி செய்யும் ஆலை நமக்கு வடக்கே கும்மிடிப்பூண்டியிலேயே இருக்கிறது. கருங்கல் சாலையில் ஓடிய டயரின் பட்டன் ஓரங்கள் செதில் செதிலாகப் பெயர்ந்திருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதைத் தாங்குவதற்கென்று இயற்கை ரப்பரையும் கரியையும் தனி விகிதத்தில் கலந்து செய்த மேல்தோல் உண்டு. வாங்கும்போது அதைக் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது. ஒரே சாலையில் ஒரே மாதிரி வண்டி ஓட்டுகிறவர் சிலரிடம் விசாரிப்பதே உத்தமமான வழி.

உடல் என்று சொன்னேனே, அதைப் பிரத்தியட்சமாகப் பார்க்க விரும்புகிறவர் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள ஏதாவது ஒரு பஞ்சர் கடை வாசலில் சற்று நிற்கட்டும். பக்கச்சுவர் கிழிந்து ஒதுக்கப்பட்ட ஒரு டயராவது அங்கே கிடக்கும். மேலே பட்டன்கள் முக்கால் பாகம் மீந்திருக்கும். பக்கத்தில், ரிம்முக்கும் தோளுக்கும் நடுவே, ஒரு சாண் நீளத்தில் வாய் பிளந்திருக்கும். அந்தப் பிளவை விரலால் விலக்கினால், சில மில்லிமீட்டர் ரப்பருக்கு அடியில் வெளுத்த நூல்கள் ஒரே திசையில் நெருக்கமாக ஓடி, ரிம்மைப் பற்றும் எஃகு வளையத்தைச் சுற்றி மடிந்திருப்பது தெரியும். அந்த நூல் வரிசை அறுந்ததுதான் அதன் மரணம். மேல்தோலில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டி விடலாம்; பக்கச்சுவரில் நூல் அறுந்தால் எந்த ஒட்டும் நிலைக்காது, ஏனென்றால் ஓடும்போது அதிகமாக மடியும் இடம் அதுவே. கரடுமுரடான இடங்களில் டயரின் ஆயுளை முடிப்பது தேய்மானத்தைவிட இந்தக் கிழிசல்தான்.

பழைய ஜீப்புகளில் இருந்த 6.00-16 அளவு டயர்களில் நூல் வரிசைகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்து, பக்கச்சுவரிலும் மேல்பாகத்திலும் ஒரே தடிமனாக ஓடின. முதலில் பருத்தி நூல், பிறகு ரேயான், பிறகு நைலான். நம் நாட்டில் எம்.ஆர்.எஃப். 1973இல் நைலான் டயரை வியாபார ரீதியாக உற்பத்தி செய்யத் தொடங்கியது. நைலான் அடியைத் தாங்கும் சக்தி அபாரம். இரவெல்லாம் நின்ற வண்டியில் தரையைத் தொட்ட இடம் தட்டையாகப் படிந்து, காலையில் முதல் சில கிலோமீட்டர் வண்டி குதித்துக் குதித்து ஓடுவது மட்டும் அதன் சுபாவக் குறை. இரண்டாவது உலக யுத்தத்தை ஒட்டி பிரான்சின் மிஷெலன் ஸ்தாபனம் ரேடியல் டயரைக் கொண்டுவந்தது. அதில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு நேர்க்குறுக்காக ஓடுகின்றன. மேல்தோலுக்கு அடியில் மட்டும் எஃகுக் கம்பிப் பட்டைகள் சுற்றி நிற்கின்றன. மடிப்பு குறைவு, உஷ்ணம் குறைவு, தேய்மானம் குறைவு. சாலைக்கு இதைவிடச் சிறந்ததில்லை. ஆனால் மேல்பாகம் எஃகுக் கவசம் பூண்டிருக்க, பக்கச்சுவர் மட்டும் ஓரிரண்டு பாலியெஸ்டர் நூல் வரிசையோடு மெலிந்திருக்கிறது. ஆகையால் கல்லும் கம்பியும் உள்ள பூமிக்கு ரேடியல் வாங்குகிறவர், பக்கச்சுவரில் எத்தனை நூல் வரிசை என்பதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அது பக்கச்சுவரிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று போதாது, இரண்டு பரவாயில்லை, மூன்று கிடைத்தால் விசேஷம்.

எஃகுப் பட்டைக்குக் கடற்கரையில் ஒரு தனிக் கவலை உண்டு. எஃகு ரப்பரோடு தானாக ஒட்டாது. அதனால் கம்பிக்குப் பித்தளை முலாம் பூசுகிறார்கள். சூடேற்றி இறுக்கும்போது பித்தளையிலுள்ள செம்பு கந்தகத்தோடு கூடி ரப்பரைக் கம்பியோடு பிணைக்கிறது. மேல்தோலில் ஆழமாக ஒரு வெட்டு விழுந்து, அதன் வழியே எண்ணூர் உப்புச்சேற்றின் ஈரம் கம்பிவரை இறங்கினால், துரு அந்தப் பிணைப்பைச் சிறிது சிறிதாக அழிக்கும். சில மாதங்களில் மேல்தோல் ஓரிடத்தில் முட்டிபோல வீங்கித் தெரியும். அத்தகைய டயரை அன்றே கழற்றிவிட வேண்டும்; நெடுஞ்சாலை வேகத்தில் அது தோலுரிந்து பறக்கக்கூடும். சேற்றில் இறங்கி வந்த வண்டியை நல்ல தண்ணீரால் கழுவி, வெட்டுகளைப் பரிசோதித்து, கம்பி தெரியும் ஆழமுள்ளதை உடனே சூடேற்றி அடைக்கச் செய்வது இந்தப் பகுதிவாசிகளுக்கு வழக்கமாக வேண்டும்.

எண்ணெயும் அப்படியே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பரவி எண்ணூர்க் கழிமுகம்வரை படர்ந்ததை நாம் மறக்கவில்லை. வலையும் படகும் வீட்டுச் சுவரும் கறுத்து நின்ற அந்த நாட்களில் மீனவர் பட்ட துயரத்துக்கு முன் டயரின் சேதம் ஒரு பொருட்டல்ல. ஆயினும் விஞ்ஞானம் சொல்வதைச் சொல்கிறேன்: இயற்கை ரப்பரும் பெட்ரோலிய எண்ணெயும் ஒரே இனத்து ரசாயனப் பொருள்கள், எண்ணெய் ரப்பருக்குள் புகுந்து அதை ஊதவைத்து மெலியச் செய்யும். எண்ணெய் படிந்த டயரைச் சோப்புத் தண்ணீரால் உடனே கழுவ வேண்டும். பளபளப்புக்காக டீசலையோ கழிவெண்ணெயையோ பூசும் வழக்கம் அறவே கூடாது.

இத்தனைக்கும் பிறகுதான் பட்டன். அதன் வேலை இரண்டு: சேற்றைக் கடித்துப் பிடிப்பது, பிடித்த சேற்றை உதறுவது. இரண்டாவதைச் செய்யாத டயர் நாலு சுற்றிலேயே மண் அப்பி மொட்டையாகிவிடும். பட்டன்களுக்கு இடையே வெற்றிடம் அகலமாக அகலமாக உதறும் சக்தி வளரும். அதோடு தார்ச்சாலையில் தொடும் ரப்பர் குறைந்து, மழைநாளில் பிரேக் பிடிப்பு தளர்ந்து, இரைச்சலும் டீசல் செலவும் வளரும். சாலை டயரின் புதுப்பட்டன் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம். சேற்று டயரில் 13 முதல் 15 வரை. கடைகளில் எம்.டி. என்று சொல்லும் சேற்று டயருக்கும் எச்.டி. என்ற சாலை டயருக்கும் நடுவே ஏ.டி. என்ற எல்லாத்தரை டயர் நிற்கிறது. வாரத்தில் ஆறு நாள் ராயபுரம் மேம்பாலத்திலும் எண்ணூர்ச் சாலையிலும் ஓடி, ஏழாவது நாள் சாம்பல் மேட்டில் ஏறுகிற வண்டிக்கு எம்.டி. டயர் வாங்குவது வீண்செலவு மட்டுமல்ல, மழைக்காலத்தில் ஆபத்தும் ஆகும். நாள்முழுதும் சேற்றிலேயே உழலும் வண்டிக்கு மட்டும் அது தகும்.

டயரின் பக்கச்சுவரில் உள்ள எழுத்துகளை வாசிக்கப் பழகுவது ஒரு நல்ல கல்வி. 112 என்ற பளுக் குறியீடு இருந்தால் அந்த ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும்; 100 என்றால் 800 கிலோ. அதை அடுத்து நிற்கும் எழுத்து வேகத்தின் எல்லை. க்யூ என்றால் மணிக்கு 160 கிலோமீட்டர், எஸ் என்றால் 180. அளவுக்கு முன்னால் எல்.டி. என்று இருந்தால் அது இலகுரக லாரிக்கென்று கட்டிய உறுதியான உடல். அத்தகைய டயருக்கு அதே பாரத்துக்குக் கார் டயரைவிடச் சற்று அதிகக் காற்று வேண்டும் என்பதைக் கடைக்காரரே சில சமயம் சொல்ல மறந்து விடுவார். கடைசியாக, நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள்: 2324 என்றால் 2024ஆம் வருஷத்தின் 23ஆவது வாரத்தில் பிறந்த டயர். வயது முக்கியம். காற்றிலுள்ள ஆக்ஸிஜனும், வாகனப் புகையும் ஆலைப் புகையும் வெயிலில் கூடிப் பிறக்கும் ஓசோனும் ரப்பர்ச் சங்கிலிகளை ஓயாமல் அறுக்கின்றன. அவற்றைத் தடுக்கக் கலந்துள்ள மெழுகும் மருந்தும் டயர் மடிந்து ஓடும்போதுதான் மேற்பரப்புக்குக் கசிந்து வரும். அதனால் ஓடாமல் வெயிலில் நிற்கும் வண்டியின் டயர் ஓடுகிற டயரைவிட விரைவாக வெடிப்பு விடுகிறது. பட்டன் தேயாத ஆறு வயது டயரை நம்பி மலையேறுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அதைக் கழற்றுவதே உசிதம்.

நான்கு சக்கர இயக்கத்துக்கே உரிய நிபந்தனை ஒன்று மிச்சமிருக்கிறது. நம் ஜீப் வகை வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டிக்கொள்கின்றன. முன்னால் புதிய டயரும் பின்னால் 4 மில்லிமீட்டர் அதிகமாகத் தேய்ந்த டயரும் இருந்தால், 790 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தில் அது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று வித்தியாசம். நூறு மீட்டர் ஓடுவதற்குள் ஒரு மீட்டர் அளவுக்கு ஏதாவது ஒரு சக்கரம் வழுக்கியாக வேண்டும். மணலில் வழுக்கிவிடும், தார்ச்சாலையில் வழுக்க இடமின்றி அந்த இழுபறி பல்சக்கரங்களில் போய்ச் சேரும். ஆகவே டயர் வாங்கினால் ஸ்டெப்னி உட்பட ஐந்தையும் ஒரே வகையாக, ஒரே அளவாக வாங்கி, முறை வைத்து இடம் மாற்றி ஓட்ட வேண்டும். அழகுக்காகத் தயாரிப்பாளர் அளித்த அளவைவிடப் பெரிய டயர் மாட்டுவது ஸ்பீடாமீட்டரைப் பொய் சொல்ல வைக்கும், பிரேக்கையும் அச்சையும் வருத்தும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படிக் கேள்விக்கும் இடமாகும்.

இந்தப் பகுதியில் வேலை நிமித்தம் ஜீப் ஓட்டுகிற ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால் நான் சொல்வது இது: வண்டியின் அசல் அளவிலேயே, பக்கச்சுவரில் குறைந்தது இரண்டு நூல் வரிசையுள்ள, பிறந்து ஆறு மாதத்துக்கு மேற்படாத ஏ.டி. ரேடியல் டயர் ஐந்து வாங்குங்கள். அதே பணத்தில் சிறிது ஒதுக்கி, நம்பகமான காற்றழுத்தமானி ஒன்றும் வண்டியின் பேட்டரியில் ஓடும் சிறு காற்று பம்பு ஒன்றும் வாங்கி இருக்கைக்கு அடியில் வையுங்கள். பத்து டிகிரி உஷ்ணம் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பவுண்டு ஏறும். ஆகவே காலையில் வண்டியை எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கையில் அளந்து பாருங்கள். மணலில் இறங்குமுன் காற்றைக் குறையுங்கள், தார்ச்சாலை ஏறியதும் பழைய அளவுக்கு நிரப்புங்கள். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் சட்டமே அந்த டயரைத் தள்ளிவிடும். பக்கச்சுவரில் நூல் தெரிந்தால் சட்டத்துக்காகக் காத்திராமல் நீங்களே தள்ளிவிடுங்கள்.